ஆர்கேன் 2: ஸான் மக்களிடம் யார் மன்னிப்பு கேட்டார்கள்? ரசிகர்களின் ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது?

நெட்ஃபிளிக்ஸில் 'ஆர்கேன்' அனிமேஷன் தொடரைப் பார்த்த நண்பர் யாராவது உங்கள் ஆபீஸில் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். 'முதல் சீசன் எப்படி?' என்று கேளுங்கள். காட்சி காட்சியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். டீ ஆறிப்போகும். அடுத்து, 'ரெண்டாவது சீசன்?' என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார். 'விஷுவல்ஸ் வேற லெவல்... ஆனா...' என்று இழுப்பார்.

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆர்கேன் ஒரு வெற்றித் தொடர்தான். 2021 நவம்பரில் வந்த முதல் சீசன், அடுத்த ஆண்டே சிறந்த அனிமேஷன் தொடருக்கான எம்மி விருதை வாங்கியது. மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு, 2024 நவம்பர் 9, 16, 23 தேதிகளில் மூன்று மூன்று எபிசோடாக இரண்டாவது சீசன் வந்தது. 2025-ல் அதற்கும் எம்மி கிடைத்தது. விமர்சகர்களும் பெரும்பாலும் பாராட்டித்தான் எழுதினார்கள்.

அப்புறம் ஏன் இவ்வளவு ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்? 'ஃபேன்ஸுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான் சொல்வாங்க' என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் புகாரின் மையத்தில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. கதையில் ஒருத்தர் பெரிய தப்பு செய்கிறார். பிறகு நல்லவராகிவிடுகிறார். நடுவில் என்ன நடந்தது? பாதிக்கப்பட்டவர்களிடம் அவர் என்ன சொன்னார்? இரண்டாவது சீசன் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

(எச்சரிக்கை: இதற்குக் கீழே இரண்டு சீசன்களின் கதையும், கிளைமாக்ஸ் உட்பட, வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

கதைச் சுருக்கம்: ஒரு பாலம், இரண்டு ஊர்

ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வீடியோ கேமில் வரும் கேரக்டர்களை வைத்துப் பின்னப்பட்ட கதை இது. கிறிஸ்டியன் லிங்க், அலெக்ஸ் யீ இருவரும் உருவாக்கினார்கள். பாரிஸில் உள்ள ஃபோர்டிஷ் ஸ்டூடியோ அனிமேஷன் செய்தது. அந்த கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கும் தொடர் பிடித்துப்போனதற்குக் காரணம், அதன் கதைக்களம்.

மேலே பில்டோவர். பணம், விஞ்ஞானம், சபை, சட்டம் எல்லாம் இருக்கும் நகரம். கீழே ஸான். விஷப்புகையும் வறுமையும் போதைப்பொருளும் நிறைந்த சேரி நகரம். நடுவில் ஒரு பாலம். தொடரின் முதல் காட்சியே அந்தப் பாலத்தில்தான். ஸான் மக்களின் எழுச்சியை பில்டோவரின் காவல்படை அடக்கிய பிறகு, இரண்டு சின்னப் பெண்கள் அங்கே தங்கள் அப்பா அம்மாவின் சடலத்தைப் பார்க்கிறார்கள். அக்கா பெயர் 'வை'. தங்கை பெயர் பவுடர். பிற்பாடு அவள்தான் ஜிங்க்ஸ்.

ஆக, முதல் நிமிடத்திலேயே தொடர் நமக்கு ஒரு வாக்கு கொடுத்துவிட்டது. இது அக்கா தங்கை கதை மட்டும் இல்லை, மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்கு என்ன செய்தார்கள் என்கிற கதையும்கூட. ரசிகர்கள் மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தது இந்த வாக்கைத்தான்.

சில்கோவை நாம் நம்பியது எப்படி?

இரண்டாவது சீசனின் குறையைப் புரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். முதல் சீசனில் இருக்கும் சில்கோவைப் பார்த்தாலே போதும்.

முதல் மூன்று எபிசோடில் சில்கோ ஒரு சுத்தமான வில்லன். 'ஷிம்மர்' என்ற போதை மருந்தைப் பரப்புகிறான். அனாதைப் பிள்ளைகளை வளர்த்த வாண்டரின் சாவுக்குக் காரணமாகிறான். ஆனால், ஒன்பதாவது எபிசோட் முடியும்போது அவன் சாவுக்கு நாம் கலங்குகிறோம். எப்படி?

அந்த மாற்றத்தைத் தொடர் நம் கண் முன்னால் நடத்திக் காட்டியது. அக்கா கைவிட்ட பவுடரை அவன் அணைத்துக்கொண்ட நொடியைக் காட்டியது. வருடங்கள் கழிந்து, அவனுடைய பாழாய்ப்போன கண்ணில் ஜிங்க்ஸ் ஊசி போடுவதைக் காட்டியது. யாரையும் நம்பாத ஒருத்தன் ஒரு பைத்தியக்காரப் பொண்ணிடம் கண்ணை ஒப்படைக்கிறான் என்றால், அவர்களுக்குள் என்ன உறவு என்று வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. கடைசியில் பில்டோவர் ஒரு பேரம் பேசுகிறது. ஜிங்க்ஸைக் கொடு, ஸானுக்குச் சுதந்திரம் எடுத்துக்கொள் என்கிறது. வாழ்நாள் முழுக்க எதற்காக ரத்தம் சிந்தினானோ அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாண்டரின் சிலை முன்னால் உட்கார்ந்து அவன் புலம்பும் காட்சியில்தான் நமக்குத் தெரிகிறது, இவனால் மகளைக் கொடுக்க முடியாது என்று.

இங்கே சில்கோ நல்லவனாகிவிடவில்லை. கடைசி வரை கெட்டவன்தான். ஆனால், அவன் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் என்ன விலை என்று நமக்குத் தெரிந்தது. விலை தெரிந்தால்தான் வளர்ச்சி என்று நம்புவோம். இல்லாவிட்டால் அது வெறும் மாற்றம். நேற்று அப்படி, இன்று இப்படி, அவ்வளவுதான்.

கேட்லின்: நடுவில் காணாமல்போன பக்கங்கள்

இப்போது இரண்டாவது சீசனுக்கு வருவோம். முதல் சீசன் கடைசியில் ஜிங்க்ஸ் ஏவிய ராக்கெட் பில்டோவர் சபையைத் தாக்குகிறது. அதில் கேட்லினின் அம்மா இறந்துபோகிறார். கேட்லின் பணக்கார வீட்டுப் பெண், நேர்மையான காவல் அதிகாரி, ஸானை நேரில் பார்த்து மனம் இளகியவள். துக்கமும் கோபமும் அவளைப் புரட்டிப் போடுகின்றன.

அடுத்து அவள் செய்வது சாதாரணக் காரியம் இல்லை. ஸானின் காற்றைச் சுத்தப்படுத்துவதற்காக அவள் குடும்பம் கட்டிக்கொடுத்த காற்றுக் குழாய்களுக்குள்ளேயே விஷப்புகையைத் திருப்பி அனுப்புகிறாள். ஜிங்க்ஸைப் பிடிக்கத்தான் இதெல்லாம். ஆனால், அந்தப் புகையை யார் சுவாசிப்பார்கள்? கீழே இருக்கும் எல்லோரும்தான். மூன்றாவது எபிசோடில் ஒரு குழந்தை குறுக்கே இருந்தும் சுடத் துணிகிறாள். தடுத்த வையைத் துப்பாக்கியால் அடித்துவிட்டுப் போகிறாள். எபிசோட் முடியும்போது, நாக்ஸஸ் நாட்டுப் போர்த்தளபதி அம்பெஸாவின் ஆசியோடு ராணுவச் சட்டத்தின் தலைவியாக நிற்கிறாள்.

எழுத்தாக இது துணிச்சலான முடிவு. நல்லவள் ஒருத்தி துக்கத்தின் பெயரில் கொடுங்கோலி ஆகிறாள். 'அடேயப்பா, இனி என்ன ஆகும்?' என்று ரசிகர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

நாலாவது எபிசோட் தொடங்கும்போது மாதங்கள் ஓடிவிட்டன. சிறைகள் நிரம்புவதும், வீடுகளில் சோதனை நடப்பதும், ஸான் நசுங்குவதும் ஒரு பாட்டு ஓடும் நேரத்தில் காட்டப்பட்டு முடிந்துவிடுகின்றன. அடுத்த இரண்டு எபிசோடுக்குள் கேட்லின் அம்பெஸாவிடமிருந்து விலகி, வையோடு சேர்ந்துவிடுகிறாள். எட்டாவது எபிசோடில் இருவரும் காதலர்களாக இணைகிறார்கள். ஒன்பதாவதில் நகரத்தைக் காப்பாற்றும் படைக்கு அவளே தலைவி.

கேட்லின் திருந்தியதில் யாருக்கும் வருத்தம் இல்லை. திருந்தட்டும், நல்லதுதான். ஆனால், சர்வாதிகாரியாக அவள் வாழ்ந்த மாதங்களை நாம் பார்க்கவே இல்லை. எந்த வீட்டுக் கதவை உடைத்தபோது அவள் தூக்கம் போனது? யாரைச் சிறையில் தள்ளியபோது கை நடுங்கியது? ஏதாவது ஒரு ஸான்வாசி அவள் முகத்துக்கு நேராக நின்று 'நீ எங்களுக்கு என்ன செஞ்சேன்னு தெரியுமா?' என்று கேட்டாரா?

நியாயமாகப் பேச வேண்டும். எட்டாவது எபிசோடில், ஜிங்க்ஸ் அடைபட்டிருக்கும் சிறையில், கேட்லின் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு சின்ன உரையாடல் இருக்கிறது. நல்ல உரையாடல். ஆனால், அது இரண்டு பேருக்கு இடையில் மூடிய அறைக்குள் நடக்கிறது. புகையைச் சுவாசித்தவர்கள் அந்த அறையில் இல்லை.

'கடைசிச் சண்டையில் அவள் ஒரு கண்ணையே இழக்கிறாளே, அது தண்டனை இல்லையா?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கண் போனது அம்பெஸாவோடு போட்ட சண்டையில். அது வீரத்தின் விலை. ஸானுக்குச் செய்ததற்கான விலை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் எழுத்தின் பிசகு.

ஸுகோவுக்கு எத்தனை கதவுகள் மூடின?

'பின்ன எப்படித்தான் எழுதணும்?' என்று கேட்டால், அனிமேஷன் ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஸுகோ. 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் நெருப்பு தேசத்து இளவரசன்.

ஸுகோவும் பெரிய துரோகம் செய்தவன்தான். இரண்டாவது சீசன் முடிவில், தன்னை மகனாகப் பார்த்துக்கொண்ட பெரியப்பா ஐரோவையே சிறைக்குப் போகவிட்டுத் தங்கை பக்கம் சேர்கிறான். பரிசாக அப்பாவின் அன்பு, பதவி, ஊர் மக்களின் கைத்தட்டல் எல்லாம் கிடைக்கின்றன. ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்தும் அவன் நிம்மதியாக இல்லை. இதைக் காட்டவே தொடர் பல எபிசோடுகளைச் செலவழித்தது. சிறையில் பெரியப்பாவைப் பார்க்கப் போகிறான், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒருநாள் அப்பாவை எதிர்த்துவிட்டு, ஆங் குழுவைத் தேடி வருகிறான். கதவு திறந்ததா? இல்லை. சந்தேகப்படுகிறார்கள், விரட்டுகிறார்கள். சேர்த்துக்கொண்ட பிறகும் கடாரா மட்டும் லேசில் இறங்கி வரவில்லை. அவள் மன்னிப்பதற்கென்றே தனியாக ஒரு எபிசோட் தேவைப்பட்டது. கடைசியில் பெரியப்பா முன்னால் மண்டியிட்டு அவன் தன் தப்பைச் சொல்லத் தொடங்கும்போது, சொல்லி முடிப்பதற்குள் அவர் இழுத்து அணைத்துக்கொள்கிறார். அந்த அணைப்பு இன்றும் பார்ப்பவர்களை அழவைக்கிறது. காரணம், அதற்கு முன்னால் அத்தனை கதவுகள் மூடியிருந்தன.

'அவதாருக்கு 61 எபிசோட் இருந்தது, ஆர்கேனுக்கு மொத்தமே 18தானே?' என்பது சரியான கேள்விதான். ஆனால், சில்கோவுக்கு ஒன்பது எபிசோட் போதுமானதாக இருந்ததே! அதுவும் அவன் முக்கியப் பாத்திரம்கூட இல்லை. நேரம் குறைவு என்பது உண்மை. இருந்த நேரத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் கேட்கத்தானே வேண்டும்?

அக்காவுக்குக் கதை எங்கே?

வை கேரக்டர் மீதான வருத்தம் இன்னும் ஆழமானது. பெற்றோரைக் கொன்ற காவல்படையின் சீருடையை அவள் அணிகிறாள். முதல் எபிசோடில் மறுக்கிறாள், அதே எபிசோட் முடிவதற்குள் ஒப்புக்கொள்கிறாள். சொந்த ஊருக்குள் விஷப்புகை போகும்போது கூடவே நடக்கிறாள். இது அவளுக்குள் எவ்வளவு பெரிய போராட்டமாக இருந்திருக்க வேண்டும்?

கேட்லின் அடித்துவிட்டுப் போன பிறகு, குடியும் குத்துச்சண்டையுமாகச் சீரழிகிறாள். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், கண்ணில் மை, முகத்தில் ரத்தம். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. அதுவும் ஒரு பாட்டோடு முடிந்துவிடுகிறது. அதிலிருந்து அவள் எப்படி எழுந்தாள்? வாண்டர் இன்னும் மிருக உருவில் உயிரோடு இருக்கிறார் என்று ஜிங்க்ஸ் வந்து கூப்பிடுகிறாள், இவள் போகிறாள்.

கவனித்துப் பார்த்தால், இரண்டாவது சீசன் முழுக்க யாராவது ஒருத்தர் இழுத்த இழுப்புக்கு வை போய்க்கொண்டிருக்கிறாள். கேட்லின் கூப்பிட்டால் சீருடை. ஜிங்க்ஸ் கூப்பிட்டால் குடும்பம். முதல் சீசனில் குத்துவதற்கு முன்னால் முடிவெடுத்தவள், இதில் குத்த மட்டும் செய்கிறாள். 'சீருடை போட்டது தப்பா, சரியா?' என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டு உட்காரும் ஒரு காட்சி இருந்திருந்தால்கூட ரசிகர்கள் சமாதானம் ஆகியிருப்பார்கள்.

நீலச் சாயம் எங்கே போனது?

தனிப்பட்ட கேரக்டர்களைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நாலாவது எபிசோடில் ஒரு அருமையான திருப்பம் வரும். ராணுவச் சட்டத்தை எதிர்க்கும் ஸான் மக்கள், ஜிங்க்ஸைத் தங்கள் போராட்டத்தின் அடையாளமாக்கி, தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிக்கொள்கிறார்கள். எதையும் உடைக்க மட்டுமே தெரிந்த ஒரு பெண் மேல், அவள் கேட்காமலே, ஒரு ஊர் நம்பிக்கை வைக்கிறது. அவள் என்ன செய்வாள்? ஒரு முழு சீசனுக்குப் போதுமான கேள்வி இது.

ஆனால், கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. விக்டர், அந்த ஸான் மண்ணின் நோயாளி விஞ்ஞானி, மனிதர்களின் வலியையே துடைத்தெறியப் போகும் தேவதூதனாக மாறுகிறான். காலம், இணை உலகம், மாயசக்தி என்று ஆபத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. உலகமே அழியப்போகிறது என்றால், சேரிக்காரர்களின் உரிமைப் பிரச்சினை சின்னதாகத்தானே தெரியும்?

கடைசிச் சண்டையில் ஸான் மக்கள் பில்டோவரோடு தோளோடு தோள் நின்று போராடுகிறார்கள். சில எபிசோடுகளுக்கு முன்னால் தங்கள் காற்றில் விஷம் கலந்தவர்களுக்காக அவர்கள் ஏன் சாக வேண்டும்? பொது எதிரி வந்துவிட்டால் பழைய கணக்கு ரத்து என்பதை, கேட்க நன்றாக இருந்தாலும், கணக்கில் கடன்பட்டவர்கள்தான் எப்போதும் சொல்வார்கள். பாக்கி வர வேண்டியவர்கள் அப்படிச் சொல்வதாக இருந்தால், அதற்கு ஒரு காரணத்தைக் கதை காட்ட வேண்டாமா?

முதல் சீசன் முடிவில் ஸானின் சுதந்திரத்துக்கு ஆதரவாகச் சபை கை தூக்கிய நேரத்தில்தான் ராக்கெட் பாய்ந்தது. இரண்டாவது சீசன் முடிந்த பிறகும் அந்தச் சுதந்திரம் என்னவானது என்று தெரியவில்லை. தொடரின் மிகப் பெரிய கேள்வி, பதில் இல்லாமலே கிடப்பில் போய்விட்டது.

நல்லதே இல்லையா?

நிறைய இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு பேசுவோமா?

ஏழாவது எபிசோட் தனி ரகம். எக்கோ ஒரு மாற்று உலகத்தில் விழித்தெழுகிறான். அங்கே பவுடர் ஜிங்க்ஸாக மாறவே இல்லை. சிரித்துக்கொண்டு, கருவிகள் செய்துகொண்டு, சாதாரணப் பெண்ணாக வாழ்கிறாள். அந்தச் சந்தோஷத்துக்கு அங்கேயும் ஒரு விலை இருக்கிறது. அந்த உலகத்தில் வை சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். எக்கோவும் பவுடரும் ஆடும் அந்த நடனத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போக வேண்டும் என்று எக்கோ எடுக்கும் முடிவு எவ்வளவு வலிக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே போல ஈஷா. ஒரு வார்த்தை பேசாத அந்தச் சிறுமி, ஜிங்க்ஸை ஒரு அக்காவாக மாற்றுகிறாள். தன் அக்கா தன்னிடம் எப்படி இருந்தாள் என்பதை ஜிங்க்ஸ் அப்போதுதான் புரிந்துகொள்கிறாள். ஒருவகையில் இந்த சீசனில் முழுமையாக வளர்ந்த கேரக்டர் ஜிங்க்ஸ்தான். ஈஷா தன்னைப் பலிகொடுக்கும் ஆறாவது எபிசோட் முடிவு, பலரை உலுக்கிவிட்டது. ஆனால், அங்கேயும் அந்தத் துக்கத்தோடு உட்கார நமக்கு நேரம் தரவில்லை. அடுத்த எபிசோட் வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது.

இவையெல்லாம் ஒன்றைத்தான் காட்டுகின்றன. நின்று நிதானமாகச் சொன்ன இடத்தில் எல்லாம் ஆர்கேன் ஜெயித்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் எழுதிய தொடர் இல்லை இது.

ஏன் இப்படி ஆச்சு?

முதல் காரணம், செலவு. இரண்டு சீசன்களின் 18 எபிசோடுகளைத் தயாரித்து விளம்பரப்படுத்த 25 கோடி டாலர் செலவானதாக 'வெரைட்டி' இதழ் 2024-ல் எழுதியது. ஓவியம் வரைந்ததுபோல் தோற்றம் தரும் இந்த பாணி அனிமேஷனில் ஒவ்வொரு நிமிடமும் பணமும் உழைப்பும். சாதாரணத் தொடரில் 'இந்த இடம் புரியல, ரெண்டு சீன் சேர்க்கலாம்' என்று முடிவெடுப்பது போல இங்கே எடுக்க முடியாது.

இரண்டாவது, கதையை இரண்டே சீசனில் முடிப்பது என்ற முடிவு. அது தெளிவாக முன்பே அறிவிக்கப்பட்டது. அதில் தவறில்லை. இழுத்துக்கொண்டே போகும் தொடர்களைவிட, முடிக்கத் தெரிந்த தொடர் மேல். ஆனால், மூன்று சீசனுக்கான சம்பவங்களை ஒன்பது எபிசோடில் அடக்கினால், சம்பவங்கள் தங்கும், இடைவெளிகள் போய்விடும். நம்ம ஊரில் படம் விட்டு வெளியே வந்ததும் 'செகண்ட் ஹாஃப் இழுவை' என்போம். ஆர்கேனின் செகண்ட் ஹாஃபுக்கு வியாதியே வேறு, ஓட்டம்.

மூன்றாவது, மூலக்கதை போட்ட கால்கட்டு. 2009-ல் வெளிவந்த அந்த கேமில் கேட்லினும் வையும் பில்டோவரின் காவல் ஜோடி. ஆக, வழியில் என்ன நடந்தாலும் இருவரும் கடைசியில் சட்டத்தின் பக்கம், சேர்ந்து நின்றாக வேண்டும். போய்ச்சேர வேண்டிய இடம் முன்பே தீர்மானமாகிவிட்டால், எழுதுபவர்கள் வழியைச் சுருக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

நான்காவது, பாட்டு. ஃபோர்டிஷ் ஸ்டூடியோ 2013-ல் ஜிங்க்ஸ் கேரக்டரின் அறிமுகத்துக்காக ரயட்டுக்கு மியூசிக் வீடியோ செய்தவர்கள். அந்த வித்தையில் கில்லாடிகள். பாட்டுக்குள் ஒரு உணர்ச்சியைப் பிழிந்து கொடுக்க முடியும். ஆனால், ஒரு முடிவை ஒருத்தர் ஏன் எடுத்தார் என்று பாட்டுக்குள் விளக்க முடியாது. மனசாட்சி பேச வேண்டிய இடத்தில் எல்லாம் ஸ்பீக்கர் பேசிவிட்டது.

'அதிகமா எதிர்பார்த்தது உங்க தப்பு'

இந்த வாதம் அடிக்கடி வரும். மூன்று வருடம் காத்திருந்த ரசிகர்கள் தலைக்குள் தாங்களே ஒரு இரண்டாவது சீசனை எழுதி வைத்திருந்தார்கள், அது வராததால் கோபம், என்பார்கள்.

சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். இந்த ஜோடி சேரவில்லை, அந்த கேரக்டர் செத்துவிட்டது என்று சண்டை போடுபவர்கள் எல்லாத் தொடருக்கும் உண்டு. அதை வைத்து எழுத்தாளர்களைத் திட்டுவதும், மிரட்டுவதும் அசிங்கம். கதையை எப்படி முடிப்பது என்பது எழுதியவரின் உரிமை.

ஆனால், 'எனக்குப் பிடிச்ச மாதிரி நடக்கல' என்பதும், 'நீங்க கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லல' என்பதும் ஒன்றல்ல. பாலத்தின் மேல் இரண்டு குழந்தைகளை அழவைத்துத் தொடரைத் தொடங்கியது ரசிகர்கள் இல்லை. காற்றுக் குழாயில் விஷத்தை அனுப்பியதும், நீலச் சாயம் பூசிய கூட்டத்தைக் காட்டியதும் ரசிகர்கள் இல்லை. தொடரே போட்ட கணக்கை முடித்துக்காட்டச் சொல்வதற்குப் பெயர் பேராசை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 'வெறும் கார்ட்டூன்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?' என்று கேட்பவர்களுக்காக. கதைகளில் மன்னிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான், யாரை எப்போது மன்னிக்கலாம் என்ற எண்ணம் நமக்குள்ளும் ஊறுகிறது. அதிகாரத்தில் இருக்கும் ஒருத்தர் வருத்தப்பட்டால் போதும், கூடவே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் போதும், அடிபட்டவர்களைக் கேட்கவே தேவையில்லை என்று ஒரு கதை சொன்னால், அது சின்ன விஷயம் இல்லை. அழகாகச் சொன்னால் இன்னும் பெரிய விஷயம். ஆர்கேன் அளவுக்கு அழகாகச் சொல்லும் தொடர்கள் அதிகம் இல்லை.

அதனால்தான் இந்த ஏமாற்றத்தை ரசிகர்களின் முணுமுணுப்பாக ஒதுக்காமல், ஒரு பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். சுமாரான தொடரிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை.

ஒரு நாற்காலி

கடைசி எபிசோடின் முடிவில், கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு காட்சி வரும். சில்கோவின் வலது கையாக இருந்த செவிகா, பில்டோவர் சபையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வசனம் கிடையாது.

முதல் எபிசோடிலிருந்து கதை எதைப் பற்றிப் பேசியதோ, அதற்கான பதில் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு வர அவள் என்ன பேரம் பேசினாள்? எதை விட்டுக்கொடுத்தாள்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து முதல் நாள் என்ன சொன்னாள்? விஷப்புகை பற்றி யாராவது வாய் திறந்தார்களா?

உலகம் அழிவதைத் தடுக்கும் சண்டைக்குக் கிடைத்த நிமிடங்களில் பத்தே பத்தை அந்த நாற்காலிக்குக் கொடுத்திருந்தால், உங்கள் ஆபீஸ் நண்பர் 'ஆனா...' என்று இழுத்திருக்க மாட்டார்.